உங்களுக்குத் தெரியுமா? – 14416-ஐ அழைத்தால்...

14416. இந்த எண்ணை எந்நேரத்தில் அழுத்தினாலும் தமிழில் பேச ஆள் உண்டு, கட்டணம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. நம் மாநிலத்தில் இதற்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. ஸ்மார்ட்போன் வேண்டாம், நெட் பேக் வேண்டாம். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ கையில் ஒரு பட்டன் போன் இருந்தால் போதும்.

*

எடுத்த எடுப்பிலேயே மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவர் மருந்து எழுதுவதில்லை. தேவை என்று பட்டால்தான் மனநல மருத்துவரிடம் இணைப்பார், அல்லது மாவட்ட மனநலத் திட்டக் குழுவைப் பார்க்கச் சொல்வார். 2024 அக்டோபரில் இதற்குச் செயலி வந்தது. முகம் பார்த்துப் பேசும் வீடியோ ஆலோசனை முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

*

வாழ்க்கையில் நேரும் ஒவ்வொரு மாற்றமும் மனத்தை எவ்வளவு அழுத்தும் என்பதற்கு ஓர் அளவுகோலே இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் 43 நிகழ்வுகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பட்டியல் நம் வீடுகளுக்குச் சரிப்படாது என்று குர்மீத் சிங் குழுவினர் 1984-ல் இந்தியருக்கென்று 51 நிகழ்வுகளோடு புதிதாக ஒன்றைத் தயாரித்தார்கள். வாழ்க்கைத்துணை இறப்பது 95. வேலை பறிபோவது 76. பயிரோ சொத்தோ சேதமாவது 61. மகனோ மகளோ வீட்டை விட்டுப் போவது 55. மகள் அல்லது தங்கையின் கல்யாணம் 49, பெரிய கடனும் அதே 49.

இந்த எண்களைப் பெரம்பலூர், அரியலூர் என்ற நம் இரு மாவட்டங்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். 2018-ல் படைப்புழு மக்காச்சோளத்தை மொட்டையடித்ததைப் பெரம்பலூர் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் விழுந்தால் போட்ட முதலும் போய்விடும். லெப்பைக்குடிகாடு பக்கம் வளைகுடாவுக்குப் பயணம் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கல்யாணச் செலவுக்கு வாங்கிய கடன் எந்த ஊரில்தான் இல்லை? பயிர் போனால் கணக்கெடுக்க அதிகாரி வருகிறார். அந்தக் குடும்பத்தலைவர் ராத்திரி தூங்குகிறாரா என்று கேட்க யாரும் வருவதில்லை. அந்தக் கேள்வியும் நிவாரணத்தின் ஒரு பகுதியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

*

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதலில் வந்தது திருச்சியில், 1997-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1995-ல், பெரம்பலூர் திருச்சியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது!

*

இணையவழி மனநல மருத்துவத்தின் பெரிய பாடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டையில் நடந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் எம்.சாரதா மேனன் 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. அதற்குள்ளேயே வீடியோ வழியாக மருத்துவரிடம் பேச ஓர் அறை, அதை ஒட்டி மருந்தகம். நோயாளி தன் ஊரிலேயே பேருந்துக்குள் ஏறி உட்கார்வார். சென்னையிலிருக்கும் மருத்துவர் திரையில் பேசிச் சீட்டு எழுதுவார். மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு இறங்கலாம். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய், வராதவர்களை விசாரிப்பார்கள்.

அது பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கான ஏற்பாடு. ஆனாலும் அது காட்டிய உண்மை சாதாரண மன உளைச்சலுக்கும் பொருந்தும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பதாலேயே வைத்தியத்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அந்தப் பயணத்தை எடுத்துவிட்டால் அவர்களும் வருவார்கள்.

*

திரை வழியே மனநலச் சிகிச்சை 1959-லேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் தொலைக்காட்சி இணைப்பைக் கொண்டு குழுச் சிகிச்சை நடத்தினார்கள். 1964-ல் சுமார் 180 கி.மீ. தள்ளியிருந்த மருத்துவமனையோடும் இணைத்தார்கள்.

*

நேரில் பேசினால்தான் பலன், போனிலோ இணையத்திலோ என்றால் பாதிதான் என்ற நினைப்பு பலருக்கும் இருக்கிறது. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு நேரிலும் இணையத்திலும் அளித்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சையை ஒப்பிட்ட 20 ஆய்வுகளை 2018-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளரின் வழிகாட்டுதல் இருந்தால் இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது.

*

சரி, அப்படி என்னதான் பேசுவார்கள்? கோவாவில் டாக்டர் விக்ரம் படேல் குழுவினர் செய்த முயற்சி நல்ல உதாரணம். மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வில் இருந்தவர்களோடு 6 முதல் 8 அமர்வுகள் பேச வைத்தார்கள். அறிவுரை மழை பொழியவில்லை. துக்கம் வந்ததும் கைவிட்ட வேலைகள் எவை, அவற்றில் எதை இந்த வாரம் சிறிதாகத் தொடங்கலாம், தொடங்கிய பிறகு மனம் எப்படி இருந்தது என்றுதான் விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். சிமென்ட் ஆலையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று, காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும்!

*

நீட் தேர்வு நாட்களில் அரசின் 104 சேவையிலிருந்து மாணவர்களை அழைத்துப் பேசுகிறார்கள். 2021-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு இப்படி ஆலோசனை தரப்பட்டது. பெற்றோரும் 104-ஐ அழைக்கலாம்.

*

போனில் பேசத் தனி இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஒற்றை அறை வீட்டில் மாமியார், பிள்ளைகள் முன்னால் யாரால் மனம் திறக்க முடியும்? வயலில் மோட்டார் கொட்டகை, மொட்டை மாடி, நிறுத்திவைத்த வண்டி, எதுவானாலும் சரி. வீட்டுக்கே ஒரு போன் என்றால், அழைத்த விவரத்தைப் பிறர் பார்க்கக்கூடும் என்பதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப அழைக்க ஏற்ற நேரத்தையும் நீங்களே குறித்துக் கொடுங்கள்.

*

தனியார் செயலியிலோ யூடியூபிலோ பார்த்துப் பணம் கட்டும் முன், எதிரில் இருப்பவர் யார் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கும். மருத்துவர் என்றால், 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ விதிகளின்படி மருந்துச் சீட்டில் பதிவு எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் மருந்துகளைப் பொதுவாக இந்த வழியில் எழுதித் தரக் கூடாது. யாராவது எழுதித் தந்தால் விலகிவிடுங்கள்.

*

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் மனநல விவரங்களை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருபவரின் கடமை. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் பொறுப்பு என்கிறது 115-வது பிரிவு. போலீஸ் வருமே என்று பயந்து மறைக்கத் தேவையில்லை.

*

பல நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பது, காதில் குரல் கேட்பது, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வலுப்பது... இவற்றுக்குப் போன் பேச்சு தொடக்கம் மட்டுமே. உடனே துணையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரம்பலூரில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரி 12-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

*

பாதிக்கப்பட்டவரேதான் 14416-ஐ அழைக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. குடியை நிறுத்த முடியாத கணவருக்காக மனைவி அழைக்கலாம். மனைவியை இழந்த பிறகு யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போன அப்பாவுக்காக மகன் திருப்பூரிலிருந்தே அழைக்கலாம். எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்கும் ஆலோசகர் சொல்லிக்கொடுப்பார்.