டார் கட்டும் மைக்ரோடார் என்னும் சிறு நூலகமும்

பல கோப்புகளை ஒரே கட்டாக்கிச் சேமித்து வைக்கும் முறைகளுள் 'டார்' என்பது பழமையானது. காந்த நாடாவிற்கென எழுந்த இம்முறை, 1979-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தாரின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. நாடா அருகிய பின்னரும் கட்டு வழக்கொழியவில்லை. சி மொழியில் நிரல் எழுதுவோர் அக்கட்டினைத் தாமே ஆக்கவும் அவிழ்க்கவும் துணைசெய்வது மைக்ரோடார் என்னும் நூலகமாம். நூலகமென்றது பிறர் எழுதிவைத்த நிரற்பகுதிகளின் தொகுதியை. நம் கலாசாலைப் புத்தகசாலையோடு மாணவர் இதனை மயங்கற்க. இரண்டே கோப்புகளும் சில நூறு வரிகளும் உடைய இதனை ஒரு மாலைப்பொழுதில் முற்றும் படித்துவிடலாம்.

கட்டின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். டார் முழுவதும் 512 பைட்டுகள் கொண்ட துண்டங்களாலாயது. ஒவ்வொரு கோப்பிற்கும் முன்னர் ஒரு தலைப்புத் துண்டம் நிற்கும். அதில் பெயருக்கு 100 பைட்டும் அளவிற்கு 12 பைட்டும் உள. அளவு எண்மான முறையில் எழுத்துக்களாகவே பொறிக்கப்படும். 700 பைட்டுக் கோப்பாயின் 1274 என்று காணப்படும். அக்கோப்பின் பின் 324 சுழிப் பைட்டுகள் இட்டு 1024 ஆக நிரப்புவர். கட்டின் முடிவில் வெறுந்துண்டங்கள் இரண்டு நிற்கும். ஆகவே அவ்வொரு கோப்பையே உடைய கட்டு 2560 பைட்டாம். சுருக்குதல் இதில் இல்லை. அது வேறு கருவியின் தொழில்.

எழுதுமிடத்து, 'எம்டார் ஓப்பன்' என்பதனால் கட்டைத் திறந்து, பெயரையும் அளவையும் தந்து தலைப்பை எழுதி, அதன்பின் உள்ளடக்கத்தை எழுதுதல் வேண்டும். எல்லாம் எழுதியபின் 'எம்டார் பைனலைஸ்' வெறுந்துண்டங்களை இடும்; 'எம்டார் குளோஸ்' மூடும். ஈண்டுக் கருதற்பாலது, அளவை முன்னரே சொல்லிவிடுகிறோம் என்பதே. 700 என்று சொல்லி 600 பைட்டே எழுதினால் நிரப்புதல் நிகழாது. அடுத்த தலைப்பு இடம் மாறி விழ, அதற்குப் பின்னுள்ளவை யாவும் படிக்கவியலாதனவாம்.

இந்நூலகத்தின் செயல்களுள் பெரும்பாலன முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். சுழியாயின் நலம், அன்றேல் பிழை. அவ்வெண்ணை நோக்காது விட்டதன் பயனை நாம் ஒருமுறை நன்கு அறிந்தோம். ஓராண்டின் சோதனைக் குறிப்புகளைச் சிறு நினைவுக்கோலொன்றில் கட்டிவைத்து, மூலங்களை அன்றே அழித்துவிட்டோம். கோலில் இடம் நிரம்பி எழுதுதல் பாதியில் நின்றிருந்தது. நிரலோ வாய்திறவாது முடிந்தது. பின்னர்த் திறந்தபொழுது முற்பகுதிக் கோப்புகளே கிடைத்தன, ஏனையவை போயினவே.

எண்ணை நோக்குதலும் தானே போதாது. எழுதியவை நினைவகத்தில் சிறிது தங்கிப் பின்னரே வட்டிற்குச் செல்லுதலும் உண்டு. ஆதலின் மூலத்தை அழிக்குமுன் கட்டை மீண்டும் திறந்து படித்தல் முறை. படித்தற்கு 'எம்டார் ரீட் ஹெடர்' தலைப்பைத் தரும். 'எம்டார் நெக்ஸ்ட்' அடுத்த கோப்பிற்குச் செல்லும். 'எம்டார் பைண்ட்' பெயர்கொண்டு தேடும். தேடல் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தினின்றே நிகழ்வதால், பெருங்கட்டில் எல்லாவற்றையும் வேண்டுவோர் வரிசையாய்ப் படித்துச் செல்லுதலே நன்று. தலைப்பிலுள்ள சரிபார்ப்புத் தொகையை நூலகம் தானே ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் அத்தொகை தலைப்பை மாத்திரம் காக்கும். உள்ளடக்கத்தில் ஒரு பைட்டு மாறினும் அது காட்டிக்கொடாது. எனவே உள்ளடக்கத்தை மூலத்தோடு பைட்டுப் பைட்டாக ஒப்பிடும் வரிகளை நாமே எழுதிக்கொள்கிறோம்.

பிறர் தந்த கட்டை அவிழ்க்குங்கால் அச்சம் வேறு. தலைப்பிலுள்ள பெயர் கட்டினவர் இட்டது. சாய்கோட்டில் தொடங்கும் பெயரும், இருபுள்ளி கொண்டு மேலடைவிற்கு ஏறும் பெயரும் நம் அடைவிற்கு வெளியே உள்ள கோப்புகளின்மேல் எழுதிவிடக்கூடும். நூலகம் பெயரைப் படித்துக் கொடுப்பதன்றி அதனை ஆராய்வதில்லை. பெயரின் நீளத்தையும் அது அளப்பதில்லை. நூறு பைட்டு இடத்தில் நீண்ட பெயரை நாம் கொடுத்தால் அருகிலுள்ள நினைவகமும் சிதையும். ஆகவே தலைப்பை எழுதுமுன் பெயரின் நீளத்தையும், கோப்பை ஆக்குமுன் பெயரின் பகுதிகளையும் நம் நிரலே சோதித்து, ஒவ்வாதனவற்றை விலக்குதல் வேண்டும்.