இன்புளூயன்சாக் காய்ச்சலும் பிறந்த ஆண்டும்

மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் வாழும் நெசவாளர் குடும்பமொன்றில் இன்புளூயன்சாக் காய்ச்சல் நுழைந்தால், அது எல்லோரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை. சில பருவங்களில் குழந்தைகள் படுத்துவிடப் பாட்டனார் நடமாடுகிறார். வேறு சில பருவங்களில் இளையோர் சில நாட்களில் எழுந்து தறியில் அமர, பாட்டனாரை மருத்துவமனையில் சேர்க்க நேருகிறது. வயோதிகத்தின் தளர்ச்சியே காரணம் என்பது பாதி உண்மைதான். கிருமி எவ்வாறு மாறுகிறது, நம் உடல் குழந்தைப் பிராயத்தில் அதன் எந்த உருவத்தை முதலில் சந்தித்தது என்பனவற்றில் மறுபாதி அடங்கியிருக்கிறது.

இன்புளூயன்சா வைரசின் மரபுப் பொருள் எட்டுத் தனித் துண்டுகளால் ஆனது. அவற்றை எட்டுச் சிட்டம் நூல் என்று வைத்துக்கொள்வோம். கிருமி பெருகும்போது இவற்றைப் பிரதி எடுப்பதில் பிழைகள் அடிக்கடி நேருகின்றன. அதனால் கிருமியின் மேற்புறப் புரதங்கள் சிறிது சிறிதாக வேறுபடுகின்றன. சென்ற ஆண்டு கிடைத்த எதிர்ப்புச் சக்தி இவ்வாண்டு முழுப்பயன் தராமற் போவது இதனாலேயே. இது மெல்லிய மாற்றம். இரு வேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவில் புகுந்து, அவற்றின் சிட்டங்கள் கலந்துவிட்டால், பெரிய மாற்றமே நிகழ்ந்துவிடும். 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய காய்ச்சல்கள் அத்தகைய கலப்பினால் பிறந்தவை.

1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குக் காரணமான எச்1 என்1 வகையின் வழித்தோன்றல்களே 1957 வரை நிலவின. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து கப்பல் வழியாகச் சென்னைக்கு வந்து இந்தியாவெங்கும் பரவியது எச்2 என்2 என்னும் புதிய வகை, பழையது மறைந்தது. 1968-இல் எச்3 என்2 அவ்விடத்தைப் பிடித்தது. ஆகவே ஒருவர் பிறந்த ஆண்டைக் கேட்டால், அவர் உடல் முதலில் எவ்வகையைச் சந்தித்திருக்கக்கூடும் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். நமது சங்கப் பதிவேடுகளில் வயதுப் பத்தி அலட்சியமாக நிரப்பப்படுவதை நாம் அறிவோம். இந்நோயைப் பொறுத்தவரை அந்தப் பத்தி மிக முக்கியமானது!

1977-இல் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த சான்று. இருபது ஆண்டுகள் காணாதிருந்த எச்1 என்1 மீண்டும் தோன்றியது. அதன் மரபுப் பொருள் 1950-ஐ ஒட்டிய கிருமிகளுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. பெரும்பாலும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டோரே நோயுற்றனர். மூத்தோர் அதை இளமையிலேயே சந்தித்துவிட்டவர்கள். 2009-இலும் முதியோர் ஒப்பளவில் குறைவாகவே பாதிக்கப்பட்டனர்.

இம்முதற் சந்திப்பின் பயன் பறவைக் காய்ச்சல் வரை நீளுகிறது. 1968-க்கு முன் பிறந்தோரை எச்5 என்1 வகையும், பின் பிறந்தோரை எச்7 என்9 வகையும் ஒப்பளவில் குறைவாகத் தாக்கியதாக 2016-இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. எச்5 என்பது எச்1, எச்2 ஆகியவற்றுக்கு உறவு. எச்7 என்பது எச்3-க்கு உறவு.

அங்ஙனமாயின் வயதுக்கேற்பக் கிருமியும் நம் உடலுக்குள் வெவ்வேறாக மாறுகிறதா? சாதாரணக் காய்ச்சல் சில நாட்களில் தணிந்துவிடுவதால், ஒருவர் உடலுக்குள் புதிய மாற்றம் வேரூன்ற அவகாசம் குறைவு. எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவரிடம், கிருமி வாரக்கணக்கில் தங்கிப் பல மாற்றங்களைச் சேர்த்துக்கொள்வதுண்டு. சிறு குழந்தைகள் பெரியோரைவிட அதிக நாள் கிருமியை வெளிப்படுத்துவதால் வீட்டிலும் பள்ளியிலும் பரவ வழியாகின்றனர். நோயுற்ற குழந்தையைப் பாட்டியின் அருகே படுக்க வைக்கும் நம் வழக்கத்தைச் சில நாட்களாவது ஒத்திவைப்பது நலம்.

'எனக்கு ஒருமுறை வந்துபோயிற்று, இனி ஊசி எதற்கு?' என்று கேட்கும் அங்கத்தினர் பலர். முதற் சந்திப்பின் நினைவு உதவுமேயன்றி, மாறிவிட்ட கிருமிக்கு அது போதிய காவலன்று. உலக சுகாதார ஸ்தாபனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியின் சேர்க்கையைப் பரிசீலித்து அறிவிப்பதன் காரணமும் இதுவே. வயோதிகர், கர்ப்பிணிகள், ஆறு மாதம் கடந்த சிறு குழந்தைகள், நீரிழிவு அல்லது இருதய நோயுடையோர் ஆகியோர் ஊசி பற்றி மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

கோழி வளர்க்கும் விவசாய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: கோழிகள் காரணமின்றிக் கூட்டமாக இறந்தால், அவற்றைக் கையால் தொடாமலும், பிள்ளைகளை அணுக விடாமலும், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் தருக.