சேமிப்புக்கும் ஒரு தகுதி

பணம் சேமிப்பதற்கும் தகுதி வேண்டுமோ என வாசகர்கள் வியக்கலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வழங்கும் சுகாதாரச் சேமிப்புக் கணக்குக்கு அது வேண்டும். நம்மவர் பிள்ளைகள் பலர் அங்கு வாழ்வதால், அதன் விதிகளை நாமும் அறிந்திருத்தல் நன்று.

2003ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஒப்பமிட்ட சட்டத்தினால் இக்கணக்கு பிறந்தது. இதில் இடும் பணத்துக்குச் சமஷ்டி வருமான வரி இல்லை. அதன் வளர்ச்சிக்கும் இல்லை. மருத்துவத்துக்கெனச் செலவிடும்போதும் இல்லை. ஆண்டிறுதியில் எஞ்சிய பணமும் கைவிட்டுப் போவதில்லை.

இத்தகைய சலுகைக்கு நிபந்தனைகள் நான்கு. முதலாவது, காப்புறுதி பற்றியது. நோயாளி ஒரு குறித்த தொகையைத் தம் கையிலிருந்து செலவிட்ட பின்னரே பணம் தரத் தொடங்கும் காப்புறுதியே ஏற்புடையது. 2026ஆம் ஆண்டில் அத்தொகை பொதுவாகத் தனி ஒருவருக்கு 1,700 டொலருக்கும், குடும்பத்துக்கு 3,400 டொலருக்கும் குறையலாகாது. இரண்டாவது, வேறு பொது மருத்துவக் காப்புறுதி இருத்தலாகாது. பல்லுக்கும் கண்ணுக்கும் உரியவை தடையல்ல. மூன்றாவது, முதியோருக்குரிய ‘மெடிக்கெயர்’ திட்டத்தில் சேர்ந்திருத்தலாகாது. நான்காவது, பிறருடைய வரிக்கணக்கில் தங்கிவாழ்வோராகக் காட்டப்படுதலாகாது.

ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. இத்தகுதி ஒருமுறை பெற்று என்றும் வைத்திருப்பதன்று. ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளிலும் நோக்கப்படுவது. அறுபத்தைந்து வயதைக் கடந்தும் உழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் காலந்தாழ்த்தி மெடிக்கெயரில் சேரும்போது, வைத்தியசாலைக் காப்பு ஆறு மாதம் வரை பின்னோக்கி நடைமுறைக்கு வரக்கூடும். அம்மாதங்களில் நல்லெண்ணத்துடன் இட்ட பணம் தகுதியற்ற பணமாகிவிடும். அதனை உரிய காலத்தில் மீளப் பெறாவிடின் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு வீதம் வரி விழும். ஆதலின் விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்னரே பணம் இடுவதை நிறுத்துதல் அறிவுடைமை. முன்னர் முறையாகச் சேர்த்த பணமோ, தகுதி நீங்கிய பின்னரும் அவருடையதே. மருத்துவத்துக்கு வரியின்றி எடுக்கலாம்.

வருமானம் இவ்வளவுதான் இருத்தல் வேண்டும் என்னும் வரம்பு இவ்விதிகளில் இல்லை. ஆயினும் முதற் செலவைத் தாமே தாங்க வல்லாருக்கே இக்கணக்கு பெரிதும் பயன்படும். அன்றாடச் செலவுக்கே ஊதியம் போதாதவர் எதனைச் சேமிப்பார்? அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் நாம், அதன் அருமையை இங்கு உணர்கின்றோம். கடல்கடந்து வாழும் பிள்ளைகளுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: சேமியுங்கள், அதற்கு முன் விதியைப் படியுங்கள்.