நாதாங்கி இல்லாத அறை

குளத்தூர்க் கரிசல் காட்டு உழவன், வேலைக்குப் புறப்படுமுன் குடிசைக் கதவைச் சாத்தி, நாதாங்கியை மாட்டிவிட்டுத்தான் போகிறான். உள்ளே இருப்பது என்ன? கொஞ்சம் கம்பு, இரண்டு பானை, ஒரு பாய். அவனுக்குத் தெரிந்த பாடம், ஆயிரக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் ரயிலின் ஓட்டுநர் அறைக்கு வேண்டாமா? கேட்கிறோம்.

2009 ஏப்ரல் 29. விடியாத வேளை. சென்னை மூர் மார்க்கெட் வளாக நிலையத்திலே, திருவள்ளூர் செல்ல நின்றிருந்த மின்சார வண்டி, நேரத்துக்கு முன்பே கிளம்பிற்று. ஓட்டியவர் ஓட்டுநர் அல்ல, எவனோ ஒருவன்! வியாசர்பாடி ஜீவா நிலையத்தருகே எண்ணெய் டேங்கர் வண்டியிலே மோதிற்று. நால்வர் மாண்டனர்.

சென்னைச் சேதி நமக்கெதற்கு என்பீரோ? மழை பொய்த்தால் கோவில்பட்டியிலே வண்டியேறி, நம் பிள்ளைகள் பிழைக்கப் போவது அங்கேதான். விடியற்காலை முதல் வண்டியிலே அமர்ந்திருப்பவன் சீமான் அல்ல, தோழர்களே, கூலிக்காரன்!

மின்சார வண்டியிலே ஒரு கைப்பிடி உண்டு. ஓட்டுநர் மயங்கிக் கையை விட்டால், வண்டி தானே நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், பிடித்திருப்பவன் யாரென்று கைப்பிடிக்குத் தெரியாதே! அதை அறிய வேண்டியது கதவும் சாவியும்தான்.

பாடம் கற்றார்களா? 2023 செப்டம்பர் 26 இரவு, மதுரா நிலையத்திலே, பயணிகள் இறங்கிய பின் ஒரு மின்சார வண்டி நடைமேடை மீதே ஏறிற்று. அறைக்குள் போன ஊழியர், வேகப் பிடியின்மேல் பையை வைத்தாராம். முதற்கட்ட விசாரணை சொன்னது. உயிர் போகவில்லை, தப்பித்தோம். ஆனால், இறங்கும் கையிலிருந்து ஏறும் கைக்குப் பொறுப்பு எப்படி மாறுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்படியானால் இரும்புக் கதவு போட்டு இறுகப் பூட்டிவிட்டால் போதுமா? போதாது! 2001 செப்டம்பர் 11க்குப் பின் விமானி அறைக்கு உறுதியான கதவு போட்டார்கள். 2015 மார்ச் 24 அன்று, பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலை மேலே, துணை விமானி அதே கதவை உள்ளே பூட்டிக்கொண்டார். வெளியே சென்ற தலைமை விமானி தட்டினார், இடித்தார்; கதவு திறக்கவில்லை. 150 பேர் மாண்டனர். பூட்டு காவலனாகவும் இருக்கும், காலனாகவும் மாறும்!

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஆளில்லாத ஓட்டுநர் அறை ஒரு நிமிடமும் திறந்து கிடக்கக் கூடாது. சாவி, கையெழுத்தோடு கைமாற வேண்டும். உள்ளே இருக்கும் தொழிலாளி, தீயோ விபத்தோ வந்தால் ஒரே தள்ளில் வெளியேற வேண்டும். அவர் மயங்கி விழுந்தால், கார்டு வெளியிலிருந்து திறக்க வழி வேண்டும்.

அதோடு, அந்தத் தொழிலாளிக்குப் போதிய ஓய்வும் வேண்டும். களைத்த கையிலே சாவியைக் கொடுத்துவிட்டு, தவறு நேர்ந்ததும் அவர் தலையிலே பழியைப் போடுவது நியாயமாகாது.

நாலு மரக்கால் கம்புக்கு நாதாங்கி போடுகிறான் நம் உழவன். அவன் மகன் ஏறும் வண்டிக்கு அந்தக் காவலாவது தரப்படவேண்டாமா?