பனிமலைக் கோரைக்குப் பாறைதான் வீடு

வீட்டுத் தோட்டம் பற்றிய நமது கலந்துரையாடலில் 'கோரை' என்ற சொல் எழுந்ததுமே அரங்கில் சிரிப்பு. காசு கொடுத்துக் கோரையை வாங்குவார்களா என்றார் ஓர் அன்பர். நியாயமான கேள்விதான். நமக்குக் கோரை என்றால் பத்தமடைப் பாய். இல்லையென்றால், எத்தனை முறை பிடுங்கினாலும் கிழங்கிலிருந்து மறுபடி தலைநீட்டும் முத்தக்காசு.

அதே கோரைக் குடும்பத்தில் 'கேரக்ஸ்' என்றொரு பேரினம் உண்டு. ஏறக்குறைய 2,000 வகைகள். அவற்றுள் பனிமலைகளில் வளரும் சிலவற்றை ஐரோப்பியத் தோட்டப் பிரியர்கள் செல்லப் பிள்ளையாக வளர்க்கிறார்கள். பார்வைக்குப் புல்தான். ஆனால் தண்டை விரலிடையே உருட்டினால் பெரும்பாலும் மூன்று பட்டைகள் தட்டுப்படும். புல்லின் தண்டோ உருண்டை.

ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறைகளில் 'கேரக்ஸ் ஃபிர்மா' வளர்கிறது. இலைகள் குட்டையாக, விறைப்பாக, நுனி குத்தும்படி இருக்கும். செடி முழுவதும் ஒரு சிறு திண்டு போலத் தரையோடு படர்ந்திருக்கும். இத்தாலியின் கார்டா ஏரிக்கு அருகிலுள்ள பால்டோ மலையின் பெயரைத் தாங்கிய 'கேரக்ஸ் பால்டென்சிஸ்' வெள்ளைப் பூங்கொத்து வைக்கும். கோரையில் இது அபூர்வம்.

என்னை வியக்க வைத்தது 'கேரக்ஸ் கர்வுலா'. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாய்ப் பகுதியில் மரபணுவை ஆராய்ந்து 1996-இல் வெளிவந்த ஆய்வு, ஒரே செடியிலிருந்து படர்ந்த ஒரு கூட்டத்தின் வயதைச் சுமார் 2,000 ஆண்டுகள் என மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல், அத்தனை காலம்! அதன் இலை நுனி பழுப்பாகிச் சுருண்டிருப்பது வாட்டமல்ல. அங்கே குடியிருக்கும் ஒரு பூஞ்சையின் வேலை.

இத்தகைய செடிக்கு உரத்தை அள்ளிப் போடுவது அன்பாகாது. பாறையிடுக்கில் பழகியதற்குக் கொழுத்த மண் ஒவ்வாது. ஆழமில்லாத கல்தொட்டி, மண்ணோடு ஏறக்குறைய சரிபாதி கரடுமுரடான மணலும் சிறுகல்லும், மேலே ஒரு பரப்பு சரளை. ஃபிர்மாவுக்குச் சுண்ணாம்புக்கல் சேர்ப்பார்கள். கர்வுலாவுக்கு அது ஆகாது. வேர் ஈரமாக இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது. குளிரைத் தாங்கும் செடி, குளிர்காலத்தில் தேங்கும் நீரால் அழுகிவிடும். காய்ந்த இலைகளை விரலால் கோதி எடுத்தால் போதும். மொட்டையடித்தால் மீண்டு வர நெடுநாளாகும். பிரித்து நடுவதானால் வசந்த காலத்தில்.

நியூசிலாந்தின் 'கேரக்ஸ் புக்கனானி' இன்னொரு வேடிக்கை. உயிரோடு இருக்கும்போதே செம்பழுப்பு நிறம். செத்த செடியை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகத் தோன்றும்.

இனி, நேயர்கள் அதிகம் கேட்டது: நம் ஊரில் வளருமா? கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வளராது என்றே சொல்லிவிடலாம். காரணம் பகல் வெயில் மட்டுமல்ல, நமது இரவு. இரவிலும் 23, 24 பாகை இருந்தால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவிலேயே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடும். பனிக்கால ஓய்வும் கிடைக்காது. கேமரன் மலையில் இரவு குளிர்ந்தாலும், அங்கும் பனிக்காலம் இல்லையே. வெளிநாடு சென்று திரும்பும் உறவினர் பெட்டியில் ஒரு வேரை ஒளித்து வரட்டும் என்ற யோசனையும் வேண்டாம். உரிய அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் செடி கொண்டு வருவது குற்றம்; அந்த மண்ணோடு எந்தப் பூச்சி, எந்த நோய் வருமென்று யார் கண்டார்?

கோரைமேல் ஆசை வந்துவிட்டதா? குடை விரித்தாற்போல் இலை பரப்பும் கோரையை இங்குள்ள நாற்றுக் கடைகளில் கேளுங்கள். ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. நம் வெப்பத்தில் செழிக்கும். அதன் தலையைச் சிறு காம்போடு நறுக்கித் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால், அங்கிருந்தே வேரும் குருத்தும் விடும். ஈரமண் சட்டியிலேயே வளர்க்கலாம். தண்ணீர்த் தொட்டியில் வைப்பவர்கள் சிறுமீன் விடுங்கள். வேர்விட வைத்த குவளையிலும் நீரை இரண்டு நாளுக்கொரு முறை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட ஒரு குவளைத் தண்ணீரே தாராளம்.