எஞ்சினை ஆளும் பெட்டி

மோட்டார் வண்டியின் பெட்ரோல் எஞ்சின் இயங்குதற்குக் காற்று, எரிபொருள், தீப்பொறி என்னும் மூன்றும் இன்றியமையாதன. அவை வேண்டிய அளவிலும் வேண்டிய காலத்திலும் வந்து கூடுதல் வேண்டும். நான்கு சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழலும்போது, நொடிக்கு 200 முறை அதனுள் தீ மூள்கின்றது. ஒவ்வொரு முறையும் எரிபொருளின் அளவையும் தீப்பொறியின் காலத்தையும் வகுப்பது ஒரு சிறு மின்னணுப் பெட்டி. அதனை எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்பர்.

முன்னாளில் கார்புரேட்டரும் டிஸ்டிரிபியூட்டரும் இப்பணியை ஆற்றி வந்தன. 1967ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பாஷ் நிறுவனத்தார் ஆக்கிய மின்னணு எரிபொருள் அமைப்பு, வோக்ஸ்வேகன் 1600 வண்டியில் இடம் பெற்றது. 1979ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தாரின் மோட்ரானிக் என்னும் அமைப்பு பி.எம்.டபிள்யூ வண்டியொன்றில் வந்தது. அது எரிபொருள், தீப்பொறி ஆகிய இரண்டையும் ஒரே பெட்டியின் ஆட்சிக்குள் கொணர்ந்தது.

இப்பெட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அரண்மனையை விட்டு அகலாத அரசன் ஒற்றர் வாயிலாக நாட்டு நடப்பை அறிகின்றான். ஏவலர் வாயிலாக ஆணையை நிறைவேற்றுகின்றான். அதுபோலவே இப்பெட்டியும் கம்பிகளின் வாயிலாகவே அறிகின்றது. கம்பிகளின் வாயிலாகவே ஆள்கின்றது. ஒற்றராய் நிற்பவை சென்சார் எனப்படும் உணர்கருவிகள். ஏவலராய் நிற்பவை எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர், தீப்பொறிச் சுருள் முதலியன.

கம்பிகள் யாவும் கனெக்டர் என்னும் இணைப்பியில் வந்து முடிகின்றன. அதனுள் மெல்லிய உலோக ஊசிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வோர் ஊசிக்கும் ஓர் எண்ணும் ஒரு தொழிலும் உண்டு. அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: மின்சாரம் தருவன, எர்த்துடன் சேர்ப்பன, செய்தி கொணர்வன, ஆணை கொண்டு செல்வன. எவ்வூசிக்கு எத்தொழில் என்பதைக் கம்பிப்படம் காட்டும். இவ்வெண்கள் வண்டிக்கு வண்டி மாறுபடும். ஆதலால் ஒரு வண்டியின் படத்தைக் கொண்டு மற்றொன்றில் கை வைத்தலாகாது.

ஆணை செல்லும் முறையை முதலில் காண்போம். இன்ஜெக்டருக்குப் பெட்டியே மின்சாரம் அளிக்கின்றது எனப் பலர் எண்ணுவர். பெரும்பாலான வண்டிகளில் உண்மை வேறு. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் ரிலே வழியாக இன்ஜெக்டரின் ஒரு முனைக்கு வந்து காத்து நிற்கும். பெட்டி அதன் மறுமுனையை எர்த்துடன் சேர்க்கும்போது இன்ஜெக்டர் திறக்கும், பிரிக்கும்போது மூடும்.

இனிச் செய்தி வரும் முறையைக் காண்போம். எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அறியும் உணர்கருவி, சூடு ஏற ஏறத் தன் மின்தடை குறையும் இயல்புடையது. பெட்டி தன்னுள் இருக்கும் ஒரு தடையின் வழியே 5 வோல்ட்டை அக்கம்பிக்கு அனுப்பி, அங்கு நிற்கும் மின்னழுத்தத்தை அளக்கின்றது. கம்பி முற்றும் அறுந்தால் 5 வோல்ட்டும் குறையாது நிற்கும். நம்பவொண்ணாத கடுங்குளிரை அது குறிக்கும்; பெட்டி ஐயுற்று எச்சரிக்கை விளக்கை ஏற்றும். ஆனால் ஊசியில் களிம்பு ஏறித் தடை சிறிதே மிகுந்தால் என்னாகும்? நீர் சூடாயிருக்கவும் அது குளிர்ந்திருப்பதாகச் செய்தி வரும். அது நம்பத்தக்க பொய்யாதலின் பெட்டி அதனை நம்பும். எரிபொருளை மிகுதியாகப் பீச்சும். பெட்ரோல் வீணாகும்; நச்சுப்புகை பெருகும். முழுப்பொய்யினும் அரைப்பொய் கொடிதன்றோ?

எர்த் இணைப்பும் இத்தகையதே. அதில் 0.1 ஓம் தடை புகுந்து, 20 ஆம்பியர் மின்சாரம் ஓடுமாயின், 2 வோல்ட் அங்கேயே வீழ்ந்துவிடும். உணர்கருவியின் செய்தி முழுவதும் 5 வோல்ட்டுக்குள் அடங்குவது. அதில் 2 வோல்ட் பிழை நேரின் செய்தி என்னாவது? இதனாலேயே உணர்கருவிகளுக்கெனத் தனி எர்த் கம்பி அமைக்கின்றனர்.

உயிருக்கு இடர் நேரக்கூடிய இடத்தில் ஒரு கம்பியை மட்டும் நம்புவதில்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் மிதியையும் எஞ்சினையும் இணைக்கும் எஃகு வடம் இல்லை, மின்செய்தியே உண்டு. அம்மிதியில் இரண்டு உணர்கருவிகள் உள்ளன. அவற்றிற்குத் தனித்தனிக் கம்பிகள் உண்டு. பல வண்டிகளில் ஒன்றின் மின்னழுத்தம் மற்றொன்றினதில் பாதியாக இருக்கும். இவ்விகிதம் பிறழ்ந்தால் பெட்டி எஞ்சினின் வேகத்தை அடக்கிவிடும். ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு தெளிதல் வேண்டும் என்னும் பழைய அரசியல் நெறி இங்கும் பயன்படுகின்றது. இவ்விரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி இணைத்துவிடுபவன், வண்டியில் செல்வோரின் காவலையே அழித்தவனாவான்.

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் விலையுயர்ந்த பெட்டியையோ உணர்கருவியையோ மாற்ற விரைதல் அறியாமையாகும். பெட்டி பதிந்து வைக்கும் குறியெண், பழுது எந்தச் சுற்றில் உள்ளது என்பதையே பெரும்பாலும் சுட்டும். அச்சுற்றில் கருவியும் உண்டு, கம்பியும் உண்டு, ஊசியும் உண்டு. தேர்ந்த தொழிலாளி கம்பிப்படத்தை விரித்து, ஊசியின் எண்ணைத் தேர்ந்து, மின்னழுத்தத்தை அளந்து, அதன் பின்னரே முடிவுக்கு வருவான். சில வேளைகளில் களிம்பேறிய ஓர் ஊசியைத் துடைப்பதே போதுமானதாகும். பொய்ச்செய்தியால் பிழைபட்ட அரசனைப் பழிக்குமுன், அச்செய்தி வந்த வழியை ஆராய்வதே அறிவுடைமை.