படம் பிடித்த ஊருக்கே படம் திரும்புக

முகமறியாதவர்கள் நண்பர்களாவது இக்காலத்து விந்தைகளுள் ஒன்று. திண்டிவனத்து இளைஞர் ஒருவர் தாம் எடுத்த கோபுரப் படத்தை இணையத்தில் இடுகிறார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அதன் ஒளியை மெச்சுகிறார். மதுரையிலிருந்து மற்றொருவர் அதன் நிழலைக் குறை கூறுகிறார். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு பழகியும், தெருவில் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் அறியார். இத்தகைய அன்பர்கள் ஒரு நாள் ஒரே மண்டபத்தில் கூடித் தத்தம் படங்களைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்துவதை வெறும் பொழுதுபோக்கென்று சிலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அதில் நாட்டுக்கு ஆகவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

ப்ளிக்கர் என்னும் படத்தளம் 2004-ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010-ஆம் ஆண்டிலும் தோன்றின. இவற்றின் வழியே பழகியவர்கள் விரைவிலேயே நேரில் கூடத் தலைப்பட்டனர். ப்ளிக்கரில் ஒன்றுசேர்ந்த ‘சென்னை வீக்கெண்ட் கிளிக்கர்ஸ்’ குழுவினர் வார விடுமுறைக் காலைகளில் காமிராவும் கையுமாகத் தலைநகரின் வீதிகளில் நடந்ததைச் சென்னைவாசிகள் அறிவர். 2016-இல் தொடங்கிய ‘சென்னை போட்டோ பியனாலே’ பெருங்கண்காட்சி, நாலு சுவருக்குள் அடங்காமல் பொதுவிடங்களிலும் படங்களை வைத்தது.

எல்லாவற்றையும் கைபேசியிலேயே காணலாமே, கூடுவானேன் என்று கேட்பாருண்டு. கைபேசியில் ஒரு படம் விரலின் ஓர் அசைவில் ஒதுங்கி மறைந்துவிடுகிறது. அதுவே இரண்டடி அகலத்தில் சுவரில் தொங்குமாயின், கண்டவர் நிற்கிறார். நின்றவர் பக்கத்திலிருப்பவரோடு பேசுகிறார். உளியின் தழும்பும் கல்லின் வெடிப்பும் அப்போதே கண்ணுக்குப் படுகின்றன. இணையத்தில் முகம் மறைத்துக் கடுஞ்சொல் வீசியவரும், படமெடுத்தவர் எதிரே நிற்கையில் நிதானமாகக் குற்றம் குறை சொல்லப் பழகுகிறார். கலை வளர்வதற்கு இவையெல்லாம் வேண்டுவனவே.

நம் கோயில்களை முதன்முதல் முறையாகப் படம் பிடித்தவர்களுள் ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப். 1855-இல் சென்னையில் நடந்த கண்காட்சியில் அவர் படங்கள் வைக்கப்பெற்றன. பின்னர் அவர் சென்னை அரசாங்கத்தின் படமெடுப்பாளராகி, 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள சாசனங்களைப் பல படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக இணைத்தார். அவர் திறமையை மறுப்பாரில்லை. ஆயினும் அன்று காமிரா ஆள்வோர் கையிலிருந்தது. படங்களும் அவர்களுக்காகவே எடுக்கப்பட்டன. இன்று அக்கருவி குடியானவர் மகன் கையிலும் இருக்கிறது. அவன் எடுக்கும் படம் யாருக்குப் பயன்படுகிறது என்பதே நமது கேள்வி.

செஞ்சியைப் பாருங்கள். மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இனி அங்கு வரும் காமிராக்களுக்குக் குறைவிராது. ஆனால் அவை பெரும்பாலும் ராஜகிரியையும் கல்யாண மகாலையும் நோக்கியே திரும்பும். இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் இரு வரிசையாக வீற்றிருக்கும் திருநாதர்குன்று அருகிலேயே இருக்கிறது. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயரைச் சொல்லும் பழந்தமிழ்ச் சாசனமும் அங்குண்டு. செஞ்சி வட்டத்திலேயே உள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் அமைந்த ஊர். பார்சுவநாதர் ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும், பாகுபலி முதலியோரின் உருவங்கள் செதுக்கிய பாறையும் அவ்வூரின் செல்வங்கள். இவற்றை நாடி வருவோர் எத்தனை பேர்?

படமெடுத்து வைப்பதால் விளையும் நன்மைக்கு விருத்தாசலமே சான்று. அவ்வூர்க் கோயிலிலிருந்து களவாடப்பட்ட அர்த்தநாரீசுவரர் கற்சிலை கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் ஒரு கலைக்கூடத்தை அடைந்தது. அது நம்முடையதே என்று காட்டுவதற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னாளில் எடுத்து வைத்திருந்த படம் பெருந்துணையாயிற்று. 2014 செப்டம்பரில் சிலை தேசத்துக்குத் திரும்பியது. அப்படம் இன்ன ஊரில், இன்ன கோயிலில் எடுத்தது என்ற குறிப்பில்லாமல் கிடந்திருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்? அழகிய படம் ஒன்று மிஞ்சியிருக்கும். சிலை அயல்நாட்டிலேயே நின்றிருக்கும்.

ஆகவே படக்கலை அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அடுத்த முறை நீங்கள் கூடும்போது சென்னை மண்டபத்தோடு நின்றுவிடாதீர்கள். மடத்தார், ஊரார் அனுமதி பெற்று மேல்சித்தாமூர் போன்ற ஊர்களிலேயே கண்காட்சி வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், இடம், நாள் மூன்றையும் தமிழில் எழுதுங்கள். காண வரும் முதியவர் ஒருவர், “நான் சிறுவனாயிருந்தபோது இந்த மூக்கு உடையவில்லை, ஐயா” என்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சி முடிந்ததும் படங்களில் ஒரு பிரதியை அவ்வூர் மடத்திலோ பள்ளியிலோ வைத்துவிட்டு வாருங்கள். நாளை ஒரு சிலை காணாமற்போனாலும், ஒரு பாறையை வெடி தீண்டினாலும், ஊரார் கையில் சாட்சி இருக்கும்.

மெச்சுதல் எத்தனை வந்தது என்று எண்ணுவதில் தவறில்லை. இளமைக்கு அது இயல்பு. ஆனால் தன் ஊர்க் கல்லைத் தானே சுவரில் கண்டு, “இது நம்முடையது” என்று ஒரு சிறுவன் சொல்வானாயின், அதற்கு ஈடான மெச்சுதல் எந்த இணையத்திலும் கிடைக்காது. அன்பர்கள் இதனைச் சிந்தித்து, காலம் தாழ்த்தாது செஞ்சிச் சீமைக்குப் புறப்படுவார்களாக.